சேலத்தில் இருந்தபடியே சமூக நீதிக்கான ஊடக வேலை செய்ய முடியுமா? ஒரு தம்பிக்குப் பதில்

ஏற்காட்டு மலைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். சேலத்தில் விஷுவல் கம்யூனிகேஷன் கடைசி வருடம் படிக்கிறார். கேள்வி இதுதான்: "அக்கா, சமூக நீதிக்காக வேலை செய்கிற அமைப்புகளில் மீடியா, டிஜிட்டல் ஸ்ட்ராட்டஜி என்று ஒரு வேலை இருக்கிறதாமே, அது உண்மையில் என்ன வேலை? அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா? சென்னைக்கோ பெங்களூருக்கோ போயே ஆக வேண்டுமா? அப்பா பேங்க் எக்ஸாமுக்குப் படி என்கிறார்."

அப்பா சொல்வதிலிருந்தே தொடங்குகிறேன். பேங்க் எக்ஸாம் எழுதுங்கள், தப்பே இல்லை. இந்த வேலையில் முதல் இரண்டு மூன்று வருடம் சம்பளம் வந்தால் வரும், இல்லையென்றால் அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறோம் என்பார்கள். வீட்டில் சாப்பாட்டுக்குக் கவலை இல்லாதவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள், மற்றவர்கள் போய்விடுகிறார்கள். சமூக நீதி பேசுகிற பல அலுவலகங்களில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று பார்த்தால் இதன் விளைவு தெரியும். மலையிலிருந்து வருகிற நீங்கள் இதில் நிலைத்து நிற்க வேண்டும் என்று நான் ஆசைப்படுவதால்தான், கையில் இன்னொரு பிழைப்பு இருக்கட்டும் என்கிறேன். எனக்கு அது டிடிபி வேலை.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சின்ன அச்சகம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று நாள் முழுக்கப் பாமினி எழுத்துருவில் தட்டிக்கொண்டிருப்பேன். நடுநடுவே சங்கத்துக்காரர்கள் நோட்டீஸ் அடிக்க வருவார்கள். மூன்று பக்கம் கையால் எழுதிக்கொண்டு வந்து, "இதைக் கால் தாள்ல கொண்டாந்துரும்மா" என்பார்கள். ஒருநாள் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிற அண்ணன் ஒருவர் கூலி உயர்வுக்காக நோட்டீஸ் போட வந்தார். எதை வெட்டுவது என்று தெரியாமல், "இதை யாருங்கண்ணா படிக்கணும்?" என்று கேட்டேன். "எல்லாரும்தான்." "எல்லாரும்னா யாரு, பட்டறைக்காரங்களா, வீட்டுல உட்கார்ந்து சங்கிலி கோக்கிற பொம்பளைங்களா, லேபர் ஆபீசா?" அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். கடைசியில் கூலிக்கு வேலை செய்கிறவர்களுக்குப் பத்து வரியில் ஒரு நோட்டீஸ், லேபர் ஆபீசுக்குக் கணக்கோடு ஒரு மனு என்று இரண்டாகப் பிரித்தோம். ஸ்ட்ராட்டஜி என்ற சொல்லை நான் கேட்டது ஏழெட்டு வருடம் கழித்து, ஒரு பயிற்சி வகுப்பில். அவர்கள் பவர்பாயிண்டில் அம்புக்குறி போட்டுக் காட்டியதும் அந்த அண்ணனிடம் நான் கேட்ட கேள்வியைத்தான்.

சரி, வேலை என்ன என்று கேட்டீர்கள். நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

உங்கள் மலையிலேயே ஓர் ஊர். காலை பஸ் ஊருக்கு மூன்று கிலோமீட்டர் முன்னாலேயே திரும்பிவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் காப்பித் தோட்டத்து வழியாக நடந்து வந்து ஏற வேண்டும். காட்டெருமை நடமாடுகிற தடம். நாங்கள் வீடியோ எடுத்தோம். பனிமூட்டம், பிள்ளைகளின் நனைந்த யூனிஃபார்ம், பின்னணியில் புல்லாங்குழல், எல்லாம் வைத்து நன்றாகவே வந்தது. நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். அழுகிற பொம்மை முகங்கள் வரிசையாக விழுந்தன. வெளிநாட்டிலிருந்து ஒருவர் ஷூ வாங்கித் தருகிறேன் என்றார். பஸ் மட்டும் வரவில்லை.

மூன்று மாதம் கழித்து எங்களில் ஒருவர் டிப்போவுக்கு நேரில் போய்க் கேட்டார். அங்கிருந்தவர் மறைக்காமல் சொன்னார்: "வண்டியைத் திருப்ப இடமில்லைங்க. ஊர் முனையில ரிவர்ஸ் எடுத்தா ஒரு பக்கம் பள்ளம். எந்த டிரைவரும் ஒத்துக்க மாட்டான்." அவ்வளவுதான் விஷயம். ஊர் முனையில் பஞ்சாயத்து நிலம் இருந்தது. உடைந்த தண்ணீர்த் தொட்டியும் விறகும் கிடந்தன. அதைக் காலி செய்து சமன்படுத்தப் பஞ்சாயத்து பணம் ஒதுக்க வேண்டும், அதற்குக் கிராம சபைத் தீர்மானம் இருந்தால் வலு. அடுத்த கிராம சபை அக்டோபர் 2. எனவே எங்களுடைய அடுத்த 'கண்டென்ட்' ஒரு நிமிட வாட்ஸப் ஆடியோ. அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் தன் பேச்சில், "அன்னிக்கு ஆளு வரலைன்னா இன்னும் பத்து வருசத்துக்கு நடந்துதான் போகணும்" என்று சொல்வார். இருநூறு பேர் கேட்டிருந்தால் அதிகம். தீர்மானம் நிறைவேறியது. பொங்கல் கழிந்து பஸ் ஊருக்குள் வந்தது.

முடிவு எடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அவரைத் தடுப்பது எது, அவர் யார் சொன்னால் கேட்பார், எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். ரீல்ஸா, ஆடியோவா, மனுவா, சுவரொட்டியா என்பது அப்புறம். கம்யூனிகேஷன்ஸ் ஆபீசர், டிஜிட்டல் கேம்பெய்னர், மீடியா கோஆர்டினேட்டர் என்று விளம்பரங்களில் பலவிதமாகப் பெயர் வரும். வேலையில் சேர்ந்தால் பாதி நேரம் ஆண்டறிக்கைக்குப் படம் தேடுவதிலேயே போகும், அதையும் சொல்லிவிடுகிறேன். மீதி நேரத்தில்தான் மேலே சொன்னது. கிராம சபை தமிழ்நாட்டில் இப்போது வருடத்துக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்தத் தேதிகள் தெரியாமல் கண்டென்ட் காலண்டர் போடுகிற பெரிய அமைப்புகளைப் பார்த்திருக்கிறேன். காதலர் தினத்துக்கும் யோகா தினத்துக்கும் போஸ்டர் தயாராக இருக்கும்.

டிஜிட்டல் என்ற சொல் புதிதே ஒழிய, நம் பக்கத்தில் இந்த வேலைக்கு வயது அதிகம். திருச்செங்கோடு இன்று நாமக்கல் மாவட்டம். 1997 வரை சேலத்தோடுதான் இருந்தது. அங்கே புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்திலிருந்து 1929இல் ராஜாஜி 'விமோசனம்' என்று மதுவிலக்குக்காகவே ஒரு பத்திரிகை நடத்தினார். கூட இருந்து உழைத்தவர் கல்கி. கட்டுரையாகத் திட்டிக்கொண்டிருக்காமல் கதையும் படமுமாகப் போட்டார்கள். பத்திரிகை நீண்ட நாள் நடக்கவில்லை. ஆனால் 1937இல் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமர் ஆனபோது, மதுவிலக்கு முதலில் வந்தது சேலம் மாவட்டத்தில். சாராய வருமானம் போனால் கஜானாவுக்கு என்ன வழி என்ற கேள்விக்கு 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். பிரச்சாரம் செய்கிறவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுகிற இடம் இந்தக் கடைசிப் பகுதி. 'நீங்கள் கேட்பதைச் செய்தால் வருகிற நஷ்டத்துக்கு என்ன செய்வது' என்று அதிகாரி கேட்கும்போது நம்மிடம் பதில் இருக்க வேண்டும். (ராஜாஜியோடு எனக்கு ஒத்துப்போகாதது நிறைய உண்டு. குலக்கல்வித் திட்டத்தைப் பற்றி ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது.)

அதற்கும் முன்னால், 1907இல் அயோத்திதாசர் தொடங்கிய வார இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலையையே பெயரில் வைத்தார். யார் கைக்குப் போக வேண்டும் என்று தெரிந்தவர் வைத்த பெயர் அது.

மதுவிலக்கு என்றதும் இன்னொருவரைச் சொல்லாமல் போக மனமில்லை. சசிபெருமாள், சேலத்துக்காரர். ஒரு டாஸ்மாக் கடையை அகற்றக் கேட்டு, 2015 ஜூலை 31 அன்று கன்னியாகுமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடியபோது இறந்துபோனார். அடுத்த சில நாள் எல்லா சேனலிலும் அவர்தான். ஊருக்கே சிக்னல் கொடுக்கிற கோபுரத்தின் மேல் நின்று, தன் பேச்சு யாருக்கும் எட்டவில்லையே என்று ஒரு மனிதர் நினைத்திருப்பார் என்பதை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. நம் வேலை ஒழுங்காக நடந்தால் யாரும் தன் உடம்பைப் பணயம் வைத்துச் செய்தியாக வேண்டியதில்லை. எந்தப் போராட்டக்காரராவது 'ஏதாவது பரபரப்பாகச் செய்தால்தான் மீடியா வரும்' என்று சொன்னால், நான் உடனே உட்கார்ந்து வேறு வழி யோசிப்பேன். நீங்களும் அப்படியே பழகிக்கொள்ளுங்கள்.

வைரல் ஆவதைப் பற்றி. கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலைப் பாதரசப் பிரச்சினையில் 2015 ஜூலை கடைசியில் ஒரு ராப் வீடியோ வந்தது. சில நாளில் லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள், 2016 மார்ச்சில் யூனிலீவர் கம்பெனி முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு உடன்பாட்டுக்கு வந்தது. பயிற்சி வகுப்புகளில் இதை 'வீடியோவின் வெற்றி' என்று காட்டுவார்கள். ஆலை மூடப்பட்டது 2001இல். நடுவில் இருந்த பதினான்கு, பதினைந்து வருடத்தில் தொழிலாளர்கள் சங்கமாகச் சேர்ந்து, உடல்நலப் பாதிப்புகளைப் பதிவு செய்து, உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடத்திக்கொண்டிருந்தார்கள். காய்ந்த விறகை அவர்கள் அடுக்கி வைத்திருந்தார்கள், அதனால் தீக்குச்சி பற்றியது. ஈர விறகில் தீக்குச்சியைக் கிழித்துக்கொண்டே இருக்கிற பிரச்சாரங்களைத்தான் நாம் தினமும் பார்க்கிறோம்.

இதைவிட உங்களுக்கு நெருக்கமானது வாச்சாத்தி. தருமபுரி மாவட்டம், சித்தேரி மலையடிவாரம், உங்கள் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர். 1992 ஜூன் 20 அன்று சந்தனமரம் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்து செய்த கொடுமை. செல்போன் கிடையாது, கேமரா கிடையாது. மலைவாழ் மக்கள் சங்கத்தார் ஊருக்குப் போய்க் கேட்டுக் கேட்டு எழுதினார்கள். யார், எந்த வீடு, எந்த நேரம், எத்தனை மூட்டைத் தானியத்தில் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள் என்று. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் அவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தொரு வருடம். இந்த வேலைக்கு வரும்போது உங்கள் மனதில் இருக்க வேண்டிய கால அளவு இதுதான், இருபத்துநான்கு மணி நேர ஸ்டோரி கணக்கு உதவாது.

பதிவு செய்வது என்கிறபோது இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். ஓமலூரைச் சேர்ந்த தலித் இன்ஜினியரிங் பட்டதாரி 2015 ஜூனில் கொல்லப்பட்ட வழக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். முக்கிய சாட்சி பிறழ்சாட்சியானார். திருச்செங்கோடு கோயிலின் சிசிடிவி பதிவு ஆதாரமாக நிலைத்து நின்றது. 2022 மார்ச்சில் மதுரை நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. சாதி வழக்குகளில் மனிதர்கள் மேல் எவ்வளவு அழுத்தம் வரும் என்று நமக்குத் தெரியும், அதனால்தான் டிஜிட்டல் ஆதாரத்தை எப்படிக் காப்பாற்றுவது என்பது எடிட்டிங்கைவிட முக்கியமான திறமை என்று நான் அடித்துச் சொல்கிறேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணு ஆதாரத்தோடு சான்றிதழ் கேட்கிறது. அதில் அந்தக் கோப்பின் ஹாஷ் மதிப்பும் வர வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி, ஒரு நொடி வெட்டினாலும் மாறிவிடும். எனவே மூலக் கோப்பை எடுத்த போனிலேயே தொடாமல் வையுங்கள். வாட்ஸப்பில் அனுப்புவதானால் வீடியோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். வீடியோவாகப் போனால் சுருங்கி, எடுத்த நேரம் இடம் எல்லாம் உதிர்ந்துவிடும். பாட்டு சேர்ப்பது, எழுத்து ஓடவிடுவது எல்லாம் பிரதியில்.

சேலம்–சென்னை எட்டு வழிச் சாலைப் போராட்டத்தின்போது இதையெல்லாம் பாதி தெரிந்தும் தெரியாமலும் செய்தோம். 277 கிலோமீட்டர், ஐந்து மாவட்டம். 2018 வெயிலில் அதிகாரிகள் கல் நட்டதையும், பாட்டிமார்கள் வயலில் விழுந்து அழுததையும் ஊர்ப் பையன்களே போனில் எடுத்தார்கள், தமிழ்நாடே பார்த்தது. ஆனால் 2019 ஏப்ரல் 8 அன்று உயர் நீதிமன்றம் நிலம் எடுக்கும் அறிவிக்கைகளை ரத்து செய்தபோது தீர்ப்பில் பெரிய இடம் பிடித்தது சுற்றுச்சூழல் அனுமதி பற்றிய வாதம். உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 8 அன்று அதை ஓரளவு மாற்றியது, அதுவும் சட்ட நடைமுறையைப் பற்றித்தான். அழுகை ஊரைத் திரட்டியது. கோர்ட்டில் வேலை செய்தது கெஜட் தாள். நீங்கள் இரண்டையும் படிக்கத் தெரிந்தவராக இருந்தால் அமைப்புகள் உங்களைத் தேடி வரும், ஏனென்றால் அப்படிப்பட்ட ஆள் குறைவு. கேமரா பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு அஸ்தம்பட்டியில் ஒரு தெருவுக்கு நான்கு பேர்.

இனி நான் செய்த தப்பு. இதைச் சொல்லாமல் அறிவுரை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

உங்கள் மலையில் ஒரு எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிற அம்மா ஒருவர், கூலியில் பிடித்தம் செய்கிறார்கள் என்று பேசினார். நன்றாகப் பேசினார், சிரித்துக்கொண்டே, கையில் பழக்கூடையோடு. 'போட்டுக்கலாமா அம்மா?' என்று கேட்டேன், 'போட்டுக்க கண்ணு' என்றார். போட்டேன். ஃபேஸ்புக் என்றால் எத்தனை பேர் பார்ப்பார்கள், மேஸ்திரியின் மகன் போனிலும் அது வரும் என்பதையெல்லாம் நான் விளக்கவில்லை. அவர் 'சரி' சொன்னது என் முகத்தைப் பார்த்து. மறுநாளிலிருந்து அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. மறுபடி கூப்பிட ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. பதிவை எடுத்துவிட்டேன், எடுத்து என்ன பிரயோசனம். நேரில் போனபோது அவர் என்னைத் திட்டவில்லை, காப்பி போட்டுக் கொடுத்தார். அவருடைய மகள்தான் கேட்டாள்: "உங்களுக்கு எத்தனை லைக்கு வந்துச்சுங்க?"

அதற்கப்புறம் நான் வைத்துக்கொண்ட வழக்கம் இது. பேசியவருக்கு முதலில் அவர் வீடியோவைப் போட்டுக் காட்டுவேன். 'இதை மேஸ்திரி பார்த்தால் என்ன ஆகும், மாமியார் பார்த்தால் என்ன ஆகும்' என்று பெயர் சொல்லிக் கேட்பேன். இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்பேன். வேண்டாம் என்றால் முகம் இல்லாமல், குரல் மாற்றி, அல்லது வெறும் கூலிச் சீட்டின் படம் மட்டும். பாலியல் குற்றம், குழந்தைகள் சம்பந்தப்பட்டது என்றால் அடையாளம் வெளியிடுவது சட்டப்படியே குற்றம். பெயர் மட்டுமில்லை, ஊர், பள்ளிக்கூடம், பெற்றோர் முகம் எதுவும் கூடாது. நீதி கேட்கிற ஆவேசத்தில் சிறுமியின் படத்தை டிபியாக வைக்கிறவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் சண்டை போடுவதும் இந்த வேலையில் சேர்ந்தது.

மலையாளி மக்களைப் பற்றிப் பதிவு போடும்போது ஒரு வேடிக்கையான சிக்கல் உண்டு, உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். அந்தப் பெயரில் ஹாஷ்டேக் போட்டால் கேரளத்துக் கடலில் கரைத்த பெருங்காயம்தான், ஓணம் புடவையும் மோகன்லாலும் வருவார்கள். சாதிச் சான்றிதழ் பற்றி நாங்கள் போட்ட முதல் பதிவுக்கு ஒருவர் 'நீங்கள் ஏன் பாலக்காட்டில் விண்ணப்பிக்கவில்லை' என்று எழுதினார். ஊர்ப் பெயர், மலைப் பெயர் வைத்து அடையாளம் உண்டாக்குங்கள். சேர்வராயன் என்று எழுதினால் வருகிறவர்கள் வேறு.

கற்றுக்கொள்வதில் எதை முதலில் என்றால், தமிழில் தெளிவாக ஒரு பக்கம் எழுதுவது. சிரிக்காதீர்கள். விஷ்காம் முடித்து வருகிறவர்களுக்கு டிரோன் ஓட்டத் தெரிகிறது, ஒரு மனுவை ஆறு வரியில் எழுதத் தெரிவதில்லை. அடுத்து தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாள். 'ஏன் செய்யவில்லை' என்று கேட்டால் பதில் வராது. 'இந்த வருடம் இந்தத் தலைப்பில் ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவு எவ்வளவு, கோப்பின் நகல் தருக' என்று கேட்க வேண்டும். அப்புறம் எக்செல். மலையில் பாதி ஊருக்குச் சிக்னல் கிடையாது, அதனால் இணையம் இல்லாமலே கணக்கெடுப்பு செய்கிற கோபோ டூல்பாக்ஸ் மாதிரி இலவச ஆப் ஒன்று பழகிக்கொள்ளுங்கள். இறங்கி வந்து நெட் கிடைத்ததும் ஏற்றிவிடலாம். எடிட்டிங் ஆப் எல்லாம் நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுப்பீர்கள்.

எந்த ஒரு தளத்தையும் நம்பி வீடு கட்டாதீர்கள். 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தபோது, எங்களோடு வேலை செய்த ஒரு தூய்மைப் பணியாளர் தம்பி சேர்த்து வைத்திருந்த பார்வையாளர்கள் மொத்தமும் ஒரே ராத்திரியில் போய்விட்டார்கள். அடுத்தவன் திண்ணையில் கடை போட்ட கதை. போன் நம்பர் பட்டியல் ஒன்று நோட்டில் இருக்க வேண்டும். எங்களிடம் இருக்கிறது, நீல அட்டை போட்ட ரெட்டைக் கோடு நோட்டு. நான் இதுவரை பயன்படுத்தியதில் அதுதான் சிறந்த டிஜிட்டல் கருவி.

பணம். வெளிநாட்டு நன்கொடை வாங்குகிற அமைப்புகள் எஃப்சிஆர்ஏ சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. 2020 திருத்தத்தில் நிர்வாகச் செலவு உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தார்கள், வாங்கிய பணத்தை வேறு சிறிய அமைப்புக்குப் பிரித்துக் கொடுப்பதையும் தடை செய்தார்கள். பல இடங்களில் மீடியா ஆளின் சம்பளம் நிர்வாகக் கணக்கில்தான் வரும், எனவே வெட்டு முதலில் அங்கேதான் விழும். சேலம் மாதிரி ஊர்களின் சின்ன அமைப்புகளுக்குச் சென்னையிலிருந்து கசிந்து வந்த பணமும் நின்றுபோனது. பெரிய கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காக ஒதுக்க வேண்டிய சிஎஸ்ஆர் பணம் இருக்கிறது, லாபத்தில் 2 சதவீதம். மரம் நட, கழிப்பறை கட்ட, கம்ப்யூட்டர் கொடுக்கத் தருவார்கள். சாதி, கூலி, நிலம் என்று திட்ட அறிக்கையில் எழுதினால் 'கொஞ்சம் வார்த்தையை மாற்ற முடியுமா மேடம்' என்பார்கள். செய்தி ஊடகம் தொடங்குவதானால் வெளிநாட்டு நன்கொடை வாங்கவே கூடாது, அதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

நான் எப்படிச் சமாளிக்கிறேன் என்றால், வாரத்தில் மூன்று நாள் கொலுசுக் கடைக்காரர்களுக்கும் ஜவ்வரிசி வியாபாரி ஒருவருக்கும் போட்டோ, இன்ஸ்டாகிராம் வேலை. அது வீட்டு வாடகை. மற்ற நாள் இந்த வேலை, அதில் வந்தது லாபம். கௌரவக் குறைச்சலாக நான் நினைத்ததில்லை. கடைக்காரரிடம் கூலி பற்றி நான் பேசுவதும் அவருக்குத் தெரியும், 'நீங்க அங்க ஒண்ணு பேசுறீங்க, இங்க ஒண்ணு போடுறீங்க' என்று சிரிப்பார். சில நேரம் அந்தச் சிரிப்பு உறுத்தும்.

சென்னைக்குப் போங்கள், இரண்டு வருடம் போய்விட்டு வாருங்கள். மேற்படிப்பு வேண்டுமென்றால் பெரியார் பல்கலைக்கழகத்திலேயே இதழியல் துறை இருக்கிறது. மும்பை டிஸ் (டாடா சமூக அறிவியல் நிறுவனம்), பெங்களூரு அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் இரண்டிலும் உதவித்தொகை விவரம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள், பழங்குடி மாணவர் என்பதற்கான சலுகைகளைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள், அது உங்கள் பங்கு. பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய பாரி என்ற கிராமப்புறச் செய்தி இணையதளம் தமிழிலும் வருகிறது, உங்கள் ஊரைப் பற்றி அங்கே எழுத முயன்று பாருங்கள், அவர்கள் திருத்துவதைப் பார்த்தே பாதிப் பாடம் கிடைக்கும். ஆனால் பெருநகர அலுவலகத்தில் உட்கார்ந்து 'கிரவுண்டிலிருந்து ஒரு குரல் வேண்டும்' என்று கேட்கிற ஆளாக மாறிவிடாதீர்கள். அவர்கள் போன் போட்டுத் தேடுகிற அந்த ஆள் நீங்கள்தான். மலைப்பேச்சும் மலைத்தடமும் தெரிந்தவருக்கு நாகலூரில் கதவு திறக்கும், எனக்குத் திண்ணை வரைதான்.

ஆபத்து உண்டா என்றும் வீட்டில் கேட்பார்கள். உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் ரத்து செய்துவிட்டது, ஆனாலும் வழக்குப் போட வேறு பிரிவுகள் இருக்கின்றன. 2018இல் எட்டு வழிச் சாலையை எதிர்த்துப் பேசியதற்காகவே சேலத்தில் கைதுகள் நடந்தன. ஒரு வக்கீல் நம்பர் மனப்பாடமாக இருக்கட்டும். தனியாக எதையும் போடாதீர்கள். அமைப்பின் பெயரில், இரண்டு பேர் சரிபார்த்த பிறகு. சாதி விவகாரம் என்றால் பதிவு போடுவதற்கு முன்பே புகார் மனுவின் ரசீது கையில் இருக்க வேண்டும். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகளின்படி மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கலெக்டர் தலைமையில் கூட வேண்டும், அந்தக் கூட்டம் எப்போது என்று பார்த்துக்கொண்டு பேசுகிற பேச்சுக்கு மதிப்பு அதிகம்.

இப்போதைக்கு ஒரு சின்ன வேலை தருகிறேன். உங்கள் ஊரில் ரொம்ப நாளாகத் தீராத ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள், தண்ணீரோ பட்டாவோ ரேஷனோ. அதற்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் யார், அவர் ஏன் போடவில்லை என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். கேமராவைத் தொடாதீர்கள். எழுதி முடித்ததும் ஒரு திங்கட்கிழமை கீழே இறங்கி வாருங்கள், கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கிற நாள்தான் அது, நான் அங்கேயே இருப்பேன். அப்பாவையும் கூட்டி வாருங்கள். அந்தக் கையெழுத்து பற்றி அவருக்கு உங்களைவிட அதிகம் தெரிந்திருக்கும்.